பாய்மரப் படகுப் பந்தயம்: எதிர்காற்றில் ஓடுவது எப்படி? கவிழ்ந்தால் செய்யக்கூடாதது என்ன?

சென்னை,

மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கடலைப் பார்ப்பவர்கள் சில நாட்களில் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். வடக்கே துறைமுகத்துப் பக்கம் வெள்ளை வெள்ளையாய் நாலைந்து பாய்கள் தெரியும். சாய்ந்தபடி ஓடும்... திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்!

"பணக்காரங்க ஜாலியா சுத்துறாங்க" என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம்.

ஆனால் அங்கே நடப்பது ஜாலி ரவுண்டு மட்டும் அல்ல. அது ஒரு பந்தயம். மோட்டார் கிடையாது, பிரேக் கிடையாது, விசில் ஊதுகிற அம்பயரும் பக்கத்தில் கிடையாது. ஒரு படகில் 2 பேர், சில படகில் 4 அல்லது 5 பேர். ஒருவர் சொதப்பினாலும் எல்லாரும் தண்ணீரில்தான்!

வார நாட்களில் ஆபீஸ், தொழில், படிப்பு என்று இருப்பவர்கள் லீவு நாளில் கிளப்புக்கு வந்து ஆடும் விளையாட்டு இது. இதில் ஜெயிப்பது எப்படி? படகு கவிழ்ந்தால் உயிர் பிழைப்பது எப்படி? விவரம் வருமாறு:-

ராமானுஜன் வேலை பார்த்த இடம்

சென்னையில் இந்த விளையாட்டுக்கு வயது 100-ஐத் தாண்டிவிட்டது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அப்போது சென்னை துறைமுகத்தின் தலைவராக இருந்த என்ஜினீயர் அவர்.

இந்தப் பெயரைக் கேட்டதும் சிலருக்கு வேறு ஒருவர் ஞாபகம் வரும். கணித மேதை ராமானுஜன் 1912-ம் ஆண்டு மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தது இதே துறைமுகத்தில்தான். அவர் இங்கிலாந்து போக உதவி செய்தவர்களில் இந்த ஸ்பிரிங் துரையும் ஒருவர்.

கிளப் இன்றும் துறைமுக வளாகத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகு சங்கமும் துறைமுகத்தில் இருந்துதான் வீரர்களுக்குப் பயிற்சி தருகிறது. துறைமுகம் பாதுகாப்பு மிகுந்த இடம். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. பக்கத்திலேயே குடியிருக்கிற பலருக்கும் இப்படி ஒரு விளையாட்டு நடப்பதே தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

துறைமுகத்துக்கு வடக்கே ஒட்டியிருப்பது காசிமேடு. மோட்டார் வருவதற்கு முன்பு, இதே காற்றை நம்பி இதே கடலில் கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர்கள் நம்ம மீனவர்கள். 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆனது. இன்று உலகம் முழுக்க ரெட்டை அடிப்பாகம் உள்ள பந்தயப் படகுகளுக்கு அதுதான் பெயர்!

எதிர்காற்றில் எப்படி ஓடுகிறது?

காற்று பின்னால் இருந்து தள்ளினால் படகு முன்னால் போகும். இது குழந்தைக்கும் தெரியும். காற்று எதிரே இருந்து வீசினால்?

ஒரு ஈரமான புளியங்கொட்டையை 2 விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். 'விசுக்'கென்று முன்னால் பாயும். அதே கணக்குதான் இங்கேயும்.

பாயில் படும் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். படகின் அடியில் தண்ணீருக்குள் நிற்கும் பலகை அதைத் தடுக்கும். ஒரு பக்கம் காற்று, இன்னொரு பக்கம் தண்ணீர். நடுவில் மாட்டிய படகுக்கு முன்னால் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனால் நேருக்கு நேராகக் காற்றைக் கிழித்துப் போக எந்தப் பாய்மரப் படகாலும் முடியாது. அப்படித் திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். அதனால் காற்றுக்குச் சுமார் 45 டிகிரி சாய்வாக ஓட வேண்டும். கொஞ்ச தூரம் வலது பக்கம், பிறகு திரும்பி இடது பக்கம் என்று வளைந்து வளைந்து போக வேண்டும்.

கொல்லிமலைக்கு பஸ் எப்படிப் போகிறது? நேராக ஏறவில்லையே! 70 கொண்டை ஊசி வளைவில் திரும்பித் திரும்பித்தானே ஏறுகிறது. கடலில் காற்றை நோக்கி ஏறுவதும் அப்படித்தான். 1 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள மிதவையைத் தொட படகு ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

எங்கே திரும்புவது, எப்போது திரும்புவது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. சென்னையில் காலையில் பெரும்பாலும் கரைக்காற்று. மதியத்தை ஒட்டி கடல்காற்று உள்ளே வரும். மே மாத வெயிலில் கடல்காற்று எப்போ வரும் என்று ஊரே ஏங்குவது போல படகுக்காரர்களும் காத்திருப்பார்கள். தண்ணீரில் தூரத்தில் கருப்பாக, சிலுசிலுவென்று ஒரு பட்டை தெரிந்தால் அங்கே காற்று வருகிறது என்று அர்த்தம். அதை முதலில் பார்க்கிற படகுக்குத்தான் லாபம்.

யாருக்கு என்ன வேலை?

ஒற்றை ஆள் ஓட்டும் படகும் உண்டு. 15 வயது வரை உள்ள சிறுவர்கள் ஓட்டும் 'ஆப்டிமிஸ்ட்' அப்படிப்பட்டது. நீளம் வெறும் 2.3 மீட்டர்தான். குளியல் தொட்டிக்கு பாய் கட்டியது போல் இருக்கும்.

கிளப்புகளில் 4, 5 பேர் சேர்ந்து ஓட்டும் 8 மீட்டர் நீளப் படகுகளும் உண்டு. அதில் ஆளுக்கு ஒரு வேலை.

* சுக்கான் பிடிப்பவர்: படகைத் திருப்புபவர். கண் எப்போதும் பாயிலும் எதிரே வரும் படகிலும் இருக்கும்.

* பெரிய பாய்க் கயிறு பிடிப்பவர்: காற்று கூடினால் கயிற்றைத் தளர்த்துவார், குறைந்தால் இழுப்பார். இது பந்தயம் முடியும் வரை ஓயாது.

* முன்பாய்க்காரர்: படகு திரும்பும்போது ஒரு பக்கக் கயிற்றை விட்டு, மறுபக்கக் கயிற்றை இழுப்பார். 1 விநாடி தாமதமானாலும் வேகம் போய்விடும்.

* முனையில் நிற்பவர்: காற்று பின்னால் வந்ததும் பலூன் மாதிரி உப்பும் வண்ணப் பாயை ஏற்றி இறக்குபவர். அதிகம் நனைவதும் இவர்தான்!

இது போதாது என்று, படகு சாயும்போது எல்லோரும் எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். அந்த எடைதான் படகை நிமிர்த்தி ஓட வைக்கும். தொப்பை இருந்தாலும் இங்கே வீண் போகாது!

திரும்புவதற்கு முன்பு சுக்கான்காரர் "ரெடியா?" என்று குரல் கொடுப்பார். எல்லோரும் "ரெடி" என்று சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். காரணம், பாய்க்கு அடியில் கிடக்கும் 'பூம்' என்ற குறுக்குக் கட்டை. படகு திரும்பும்போது அது ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு வேகமாக வீசும். குனியாதவர் மண்டை தப்பாது.

5 நிமிட டென்ஷன்

படகை ஸ்டார்ட்டிங் கோட்டில் நிறுத்தி வைக்க முடியாது. காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் 5 நிமிடத்துக்கு முன்பே முதல் சத்தம், முதல் கொடி. 4 நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கொடி. 1 நிமிடம் இருக்கும்போது அந்தக் கொடி இறங்கும். கடைசிச் சத்தம் கேட்டதும் பந்தயம் ஆரம்பம்.

இந்த 5 நிமிடமும் படகுகள் கோட்டுக்குப் பின்னால் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். சரியாக சத்தம் கேட்கும் நொடியில், முழு வேகத்தில், கோட்டைத் தாண்ட வேண்டும். முந்திவிட்டால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் பறந்திருப்பார்கள்.

வழியில் 2 படகு எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது? வலது பக்கம் காற்று வாங்கும் படகுக்குத்தான் முதல் உரிமை. இடது பக்கம் காற்று வாங்கும் படகு ஒதுங்கியே ஆக வேண்டும். 2 படகுக்கும் ஒரே பக்கம் காற்று என்றால், காற்று முதலில் படும் படகு ஒதுங்க வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரை இடிக்கக்கூடாது. நம்ம அண்ணா சாலையை விட ஒழுங்கு!

ஜெயிப்பதிலும் ஒரு விசேஷம். முதலிடம் வந்தால் 1 புள்ளி, 2-வது இடத்துக்கு 2 புள்ளி. கடைசியில் யாருக்கு புள்ளி குறைவோ அவருக்குத்தான் கோப்பை. ஒரு படகு 4 பந்தயத்தில் 1, 1, 9, 8 என்று வந்தால் மொத்தம் 19. இன்னொரு படகு 3, 4, 3, 4 என்று வந்தால் மொத்தம் 14. ஒரு தடவைகூட முதலிடம் வராத 2-வது படகுதான் வின்னர்!

தப்பு செய்தவரே தண்டனை வாங்கணும்!

இந்த விளையாட்டின் ஆச்சரியம் இதுதான். கிரிக்கெட்டில் பேட்டில் பந்து உரசினாலும் அம்பயர் கை தூக்கும் வரை நிற்பவர்கள் உண்டு. இங்கே விதியை மீறினால் மீறியவரே ஒப்புக்கொண்டு, நடுக்கடலில் படகை 2 முழுச் சுற்று சுற்ற வேண்டும். மிதவையை இடித்தால் 1 சுற்று. யாரும் பார்க்காவிட்டாலும் சுற்ற வேண்டும்.

ஒப்புக்கொள்ளாவிட்டால்? பாதிக்கப்பட்டவர் "புரோட்டஸ்ட்" என்று கத்துவார். பெரிய படகாக இருந்தால் சிவப்புக் கொடியும் காட்டுவார். கரைக்கு வந்ததும் பஞ்சாயத்து. 2 தரப்பும் பேச வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும். தப்பு என்று முடிவானால் அந்தப் பந்தயமே போச்சு.

முதல் விதி: ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்று

உலகம் முழுக்க ஒரே விதிப் புத்தகம்தான். அதில் முதல் விதி எப்படி ஜெயிப்பது என்பது பற்றி அல்ல. ஆபத்தில் இருக்கும் எவருக்கும், எந்தப் படகுக்கும் முடிந்த எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பதுதான்!

ஏட்டில் மட்டும் இருக்கும் விதி அல்ல இது. 1988-ம் ஆண்டு சியோல் ஒலிம்பிக். படகுப் போட்டி புசான் கடலில் நடந்தது. செப்டம்பர் 24-ந்தேதி காற்று திடீரென்று பேய் மாதிரி வீசியது. கனடா வீரர் லாரன்ஸ் லெமியூ தன்னுடைய பந்தயத்தில் 2-வது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். பதக்கக் கனவு கண் முன்னால் இருந்தது.

அப்போது வேறு ஒரு பந்தயத்தில் ஓடிய சிங்கப்பூர் வீரர்கள் 2 பேரின் படகு கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். பந்தயத்தை விட்டுத் திரும்பினார். 2 பேரையும் தன் படகில் ஏற்றினார். மீட்புப் படகு வரும் வரை காத்திருந்து ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகுதான் மறுபடி ஓடினார். அதற்குள் ஏகப்பட்ட படகுகள் முந்திவிட்டன.

அந்தப் பந்தயத்தில் அவருக்கு 2-வது இடத்தையே கொடுக்கும்படி நடுவர் குழு முடிவு செய்தது. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒலிம்பிக்கில் ஜெயித்த பலரை விட அவர் பெயரைத்தான் படகுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

படகை விட்டு நீந்தாதே!

சின்னப் படகு கவிழ்வது சகஜம். சைக்கிள் பழகும்போது விழுவது மாதிரி. அதனால் பயிற்சியின் ஆரம்பத்திலேயே படகைக் கவிழ்த்துப் போட்டு நிமிர்த்தக் கற்றுக் கொடுப்பார்கள். லைப் ஜாக்கெட் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். செய்ய வேண்டியவை இவைதான்:

1. முதலில் கூட வந்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால்தான் அடுத்த வேலை. பாய்க்கு அடியில் மாட்டியிருந்தால், கையால் பாயை மேலே தூக்கினால் மூச்சு விட இடம் கிடைக்கும். அப்படியே ஓரத்துக்கு வர வேண்டும்.

2. பாய்க் கயிற்றைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் படகு நிமிர்ந்ததும் காற்று பிடித்து மறுபடி கவிழும்.

3. ஒருவர் பின்பக்கம் போய் அடிப்பலகை மேல் ஏறி, விளிம்பைப் பிடித்துச் சாய்ந்து இழுக்க வேண்டும். இன்னொருவர் படகின் உள்பக்கம் ஒட்டி மிதக்க வேண்டும். படகு நிமிரும்போது அவரை அப்படியே உள்ளே அள்ளிக்கொள்ளும்.

4. நிமிர்த்த முடியாவிட்டால் படகைப் பிடித்துக்கொண்டு மீட்புப் படகு வரும் வரை இருக்க வேண்டும். கரை பக்கத்தில்தானே தெரிகிறது என்று நீந்தக் கிளம்பக்கூடாது.

இந்த 4-வதுதான் உயிர் காக்கும் பாடம். கடலில் தெரியும் கரை எப்போதும் நினைப்பதை விட தூரம். தனித் தலை ஒன்று அலைக்கு நடுவில் யார் கண்ணுக்கும் தெரியாது. கவிழ்ந்த படகு தெரியும்.

பெரிய படகுக்கும் இதே பாடம்தான் என்று உலகத்துக்குக் காட்டியது 1979-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த 'பாஸ்ட்நெட்' பந்தயம். இங்கிலாந்தில் இருந்து கிளம்பி, அயர்லாந்து பக்கம் உள்ள பாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்ப வேண்டும். 303 படகுகள் கிளம்பின. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு ஓட்டும் ஆட்கள் அல்ல. லீவு போட்டு வந்த கிளப்காரர்கள்.

நடுவழியில் புயல். பந்தயத்தில் இருந்த 15 பேர் பலியானார்கள். பயத்தில் 24 படகுகளைக் கைவிட்டு ஆட்கள் வெளியேறினார்கள். பலர் காற்றடைத்த ரப்பர் படகில் இறங்கினார்கள். அதில் சில கவிழ்ந்தன, கிழிந்தன.

புயல் அடங்கிய பிறகு தேடினால் அதிர்ச்சி. கைவிட்ட 24 படகுகளில் மூழ்கியது 5 மட்டும்தான். மற்ற 19 படகுகளும் தண்ணீரில் மிதந்துகொண்டுதான் இருந்தன! உள்ளேயே இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய சிலர் வெளியே வந்து செத்தார்கள் என்பதுதான் சோகம். படகு முழுசாக மூழ்கும் நிலை வந்தால் மட்டுமே அதை விட்டு இறங்கணும் என்ற பாடம் அதன் பிறகு எல்லா கிளப்பிலும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது.

நம்ம மீனவர்களுக்கு இது புதுசு இல்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் மிதந்து, விடிந்ததும் மீட்கப்பட்டவர்களின் செய்தி அடிக்கடி வருவது உண்டு. ஆற்றிலோ, ஏரியிலோ, கழிமுகத்திலோ படகில் போகும் யாருக்கும் இது பொருந்தும்.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் போக முடியுமா?

பெரிய படகு வாங்குவது என்றால் காசு வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே வகைப் படகுகள் மோதும் போட்டியில் எல்லோருக்கும் ஒரே நீளம், ஒரே அளவு பாய். காசை விட கையும் கண்ணும்தான் பேசும்.

வேலூர் பகுதியைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் ராணுவத்தில் இருந்து வந்தவர். 2023-ம் ஆண்டு சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். அதே போட்டியில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசத்தில் ஒரு விவசாயியின் மகள். கடலே இல்லாத அந்த மாநிலத்தில், போபால் ஏரியில் உள்ள படகுப் பள்ளியில் பயின்றவர்!

சென்னையின் நேத்ரா குமணன், பள்ளி விடுமுறை முகாமில் படகு பழகத் தொடங்கியவர். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமை 2021-ல் அவருக்குக் கிடைத்தது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். சென்னையின் கே.சி.கணபதி - வருண் தாக்கர் ஜோடி, 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது. அவர்கள் ஓட்டியது 2 பேர் படகு.

காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அது தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு. பள்ளி, கல்லூரியில் இந்தப் பிரிவு இருந்தால் மாணவ, மாணவிகள் பாய்மரப் படகு பழகலாம். ராணுவமும் கடற்படையும் சிறுவர்களைத் தேர்வு செய்து, படிப்போடு சேர்த்து படகுப் பயிற்சியும் தருகின்றன. எந்தப் பள்ளியில் கடற்படைப் பிரிவு இருக்கிறது என்பதை அட்மிஷனுக்கு முன்பே பெற்றோர் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி பக்கத்து மீனவ கிராமங்களில் திருவிழா சமயத்தில் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவது வழக்கம். அங்கே யாரும் 'யாட்' என்று சொல்வதில்லை. அப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி என்று ஒரே படகில் ஏறி, பாயை இழுத்துக் கட்டி, எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுவார்கள்.

துறைமுக கிளப்பில் செய்வதும் அதையேதான்!